பழைய பார் அலமாரியும் பழங்கம்பளமும்: வாங்கும் முன் புரட்டிப் பாருங்கள்

வீட்டில் ஒரு மூலையை ஒதுக்கி, அங்கே மதுவும் கோப்பைகளும் வைக்கும் பழைய பார் அலமாரி (காக்டெயில் அலமாரி என்றும் சொல்வார்கள்) ஒன்று, உயர ஸ்டூல் இரண்டு, கூடவே ஒரு பழங்கம்பளம் என்று அமைக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். படத்தில் பார்த்தால் எல்லாம் எளிதாகத்தான் தெரியும். தேட இறங்கினால் விற்பவர் ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்வார். பிரபுவின் மாளிகையிலிருந்து வந்தது, கப்பல் கேப்டன் வைத்திருந்தது, பாட்டியின் சீதனம். அந்தக் கதைகளுக்கு நடுவே அலைந்து திரிந்ததில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். விற்பவர் முன்பக்கத்தைக் காட்டுவார். நாம் பின்பக்கத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். அலமாரியின் முதுகு, இழுப்பறையின் அடி, கம்பளத்தின் மறுபுறம், ரசீதின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனைகள் என எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

1. கடைக்குப் போகும் முன் அளவெடுங்கள்

சாமான் நிற்கப்போகும் இடத்தை மட்டும் அளந்தால் போதாது. அது வந்து சேரும் வழி முழுவதையும் அளக்க வேண்டும்: வாசல் நிலை, மாடிப்படித் திருப்பம், லிஃப்ட் கதவு, அறைக் கதவு. இவற்றில் எது குறுகலோ அதுதான் நீங்கள் வாங்கக்கூடிய அளவு. 1930களின் காக்டெயில் அலமாரிகளில் பல ஒரே பெட்டியாகச் செய்யப்பட்டவை. கழற்றி மாட்ட வழியில்லை. காலாவது கழலுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஸ்டூல் விஷயத்தில்தான் பலர் சிக்குகிறார்கள். பார் கவுன்டரின் உயரம் பொதுவாக 102 முதல் 107 செ.மீ. வரை. அதற்கு உட்காரும் பலகை 71 முதல் 76 செ.மீ. உயரத்தில் உள்ள ஸ்டூல் வேண்டும். சமையல் மேடை 90 செ.மீ. சுமாருக்கு இருக்கும், அதற்கு 61 முதல் 66 செ.மீ. ஸ்டூல் போதும். பழைய சந்தையில் இரண்டையும் 'பார் ஸ்டூல்' என்றே விற்பார்கள். கவுன்டரின் மேற்பரப்புக்கும் உட்காரும் பலகைக்கும் நடுவில் 25 முதல் 30 செ.மீ. இடைவெளி இருந்தால்தான் தொடை இடிக்காது. ஓர் ஆளுக்கு 60 செ.மீ. அகலம் ஒதுக்குங்கள். ஸ்டூலின் காலை யாராவது வெட்டிக் குட்டையாக்கியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். கால் வைக்கும் கம்பி தரைக்கு மிக அருகில் இருந்தாலோ, கால் முனைகளில் மட்டும் புது மரம் தெரிந்தாலோ அப்படித்தான்.

கம்பளத்துக்கும் அளவு முக்கியம். ஸ்டூலைப் பின்னால் இழுத்து இறங்கும்போது நான்கு காலும் கம்பளத்தின் மேலேயே இருக்க வேண்டும், அல்லது நான்கும் வெளியே இருக்க வேண்டும். பாதி உள்ளே, பாதி வெளியே என்றால் ஸ்டூல் ஆடும், ஓரமும் கிழியும். அலமாரிக் கதவு தரையை ஒட்டித் திறப்பதாக இருந்தால் கம்பளத்தின் தடிமன் அதைத் தடுக்குமா என்றும் கணக்கிடுங்கள். தரையில் செய்தித்தாளை விரித்து அளவைக் குறித்து, இரண்டு நாள் அதைச் சுற்றி நடந்து பாருங்கள். பெரும்பாலும் நினைத்ததைவிடச் சிறிய அலமாரியும் நினைத்ததைவிடப் பெரிய கம்பளமும்தான் வேண்டியிருக்கும்.

2. வயதை எழுத்தில் கேளுங்கள்

நூறு ஆண்டைத் தாண்டினால்தான் 'ஆன்டிக்' என்பது சுங்கக் கணக்கு. உலக நாடுகள் பின்பற்றும் சுங்க வகைப்பாட்டில் 100 ஆண்டுக்கு மேற்பட்ட பழம்பொருள்களுக்கு 9706 என்ற தலைப்பு தனியாகவே உண்டு. 'விண்டேஜ்' என்பதற்கு அப்படிச் சட்ட எல்லை எதுவும் இல்லை, விற்பவர் மனம்போல. 1930களின் வளைமுனைக் காக்டெயில் அலமாரியோ 1960களின் தேக்கு பார் அலமாரியோ இன்னும் ஆன்டிக் ஆகவில்லை. அதனால் அவை மட்டம் என்று சொல்லவில்லை. ஆன்டிக் விலை கேட்டால் கொடுக்காதீர்கள் என்கிறேன். கம்பளக்காரர்கள் நூறைத் தொடாத பழசை 'செமி ஆன்டிக்' என்பார்கள்.

இன்னொரு பொறி, 'பாணியில்' என்ற சொல். '1930களின் பாணியில்' என்று சீட்டில் எழுதியிருந்தால் அது போன வருடம் செய்ததாகவும் இருக்கலாம். சொன்னவர் பொய் சொன்னதாகவும் ஆகாது. ஆகவே ரசீதில் இப்படி எழுதித் தரச் சொல்லுங்கள்: 'சுமார் 1935, அசல் வினீர், கைப்பிடிகள் மாற்றப்பட்டவை.' வினீர் என்பது மேலே ஒட்டும் மெல்லிய மரத்தகடு. எழுதத் தயங்கினால் புதுச் சாமானுக்குக் கொடுக்கும் விலைக்கு மேல் போகாதீர்கள்.

3. அலமாரியை இழுத்து அதன் முதுகைப் பாருங்கள்

கையில் ஒரு டார்ச், ஒரு சின்னக் காந்தம், ஒரு பூதக்கண்ணாடி. இவ்வளவுதான் கருவி. விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

முதலில் எல்லா இழுப்பறைகளையும் முழுவதுமாக வெளியே எடுங்கள். மூலைகளில் பலகைகளைப் பல் பல்லாக வெட்டிக் கோத்த டவ்டெயில் இணைப்பு இருக்கும். கையால் வெட்டியதென்றால் பற்கள் ஒன்றுக்கொன்று சற்றே வேறுபடும்; பக்கத்தில் ஆசாரி குறித்த கோடுகூடத் தெரியும். எல்லாம் ஒரே அச்சாக இருந்தால் இயந்திரம் வெட்டியது. இயந்திர வெட்டு குறையல்ல, 20ஆம் நூற்றாண்டுச் சாமானுக்கு அது இயல்பு. ஆனால் '18ஆம் நூற்றாண்டு' என்று சொல்லிவிட்டு அச்சுப்போல வெட்டைக் காட்டினால் கடையை விட்டு வெளியே வந்துவிடலாம். அடிப்பலகையில் வளைவான ரம்பக் கீறல்கள் தெரிந்தாலும் அப்படியே. அது வட்ட ரம்பத்தின் வேலை.

அடுத்தது திருகாணி. தலையில் கூட்டல் குறி போட்ட திருகாணி 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது. 1900ஆம் ஆண்டு அலமாரியில் அது இருந்தால் அந்தப் பாகம் பிறகு மாற்றப்பட்டது. ஒரே ஒரு கீலில் இருந்தால் பழுதுபார்ப்பு. எல்லா இடத்திலும் இருந்தால் அலமாரியே பிறகு செய்தது. முதுகுப்பலகை மரத்தூளை அழுத்திச் செய்த சிப்போர்டாக இருந்தால் அது இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய சரக்கு. ஒட்டுப்பலகையை மட்டும் வைத்து ஒதுக்கிவிடாதீர்கள். 1930களின் நல்ல அலமாரிகளிலேயே அது உண்டு.

மரத்தின் நிறத்தைக் கவனியுங்கள். காற்றும் வெளிச்சமும் பட்ட இடம் கறுத்திருக்கும், படாத இடம் வெளுத்திருக்கும். இழுப்பறையின் உட்புறம், அடிப்புறம், முதுகு எல்லாம் ஒரே கருப்பாக இருந்தால் சாயம் பூசிப் பழசாக்கியிருக்கிறார்கள். மேல்பாதியும் கீழ்ப்பாதியும் சேர்ந்த உயர அலமாரியாக இருந்தால் இரண்டின் முதுகுப்பலகையையும் ஒப்பிடுங்கள். மரம் வேறு, ஆணி வேறு, நிறம் வேறு என்றால் இரண்டு சாமான்களை ஒன்றாக்கி விற்கிறார்கள். இழுப்பறை முகப்பின் உள்பக்கத்தில் அடைத்த பழைய துளைகள் தெரிந்தால் கைப்பிடி மாறியிருக்கிறது. பித்தளை என்று சொல்லும் கைப்பிடியில் காந்தம் ஒட்டினால் அது பித்தளை முலாம் பூசிய இரும்பு.

பார் அலமாரிக்கே உரிய ஒரு தந்திரம் உண்டு. பழைய ரேடியோப் பெட்டி, கிராமபோன் பெட்டி, துணி அலமாரி இவற்றின் உள்ளே கண்ணாடி ஒட்டி, கோப்பைத் தாங்கி பொருத்தி 'அசல் காக்டெயில் அலமாரி' என்று விற்பது. மாற்றிச் செய்ததே அழகாகவும் இருக்கலாம், எனக்கு அதில் விரோதமில்லை. ஆனால் விலை மாற்றியதற்கு உரியதாக இருக்க வேண்டும். பின்பலகையில் ரேடியோ வால்வின் சூடு வெளியேற விட்ட துளைகளோ, கம்பி போன வழியை அடைத்த தடமோ காட்டிக்கொடுத்துவிடும்.

கதவைத் திறந்ததும் விளக்கெரியும் அலமாரியாக இருந்தால் அதை மின்சாரத்தில் செருகிக் காட்டச் சொல்லாதீர்கள். பழைய ரப்பர் உறைக் கம்பிகள் காலப்போக்கில் காய்ந்து உதிரும். எர்த் இணைப்பும் இருக்காது. புதுக் கம்பி போடும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். உள்கண்ணாடி மிகப் பழையதென்றால் அதன் கீழ் விளிம்பைக் கூர்ந்து பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில் தகரமும் பாதரசமும் சேர்த்துப் பூசிய கண்ணாடிகள் செய்தார்கள். அடியில் மினுக்கும் சிறு துளிகள் தெரிந்தால் அது பாதரசம். அத்தகைய கண்ணாடியைத் தொடாமல், காற்றோட்டமான இடத்தில் வைத்து, விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

பூச்சித் துளைகள் இருப்பதாலேயே ஒதுக்க வேண்டியதில்லை. துளையின் உள்விளிம்பு கறுத்திருந்தால் பழைய சங்கதி. வெளிர் நிறமாக இருந்து, தட்டினால் மெல்லிய மாவு கொட்டினால் புழு உள்ளே உயிரோடு இருக்கலாம். கால் பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்கினால் உளுத்துவிட்டது.

ஸ்டூலைத் தலைகீழாக நிறுத்துங்கள். மரமென்றால் குறுக்குக் கட்டைகள் ஆடுகின்றனவா, இரும்பென்றால் வெல்டிங்கில் விரிசல் உண்டா, சுழலும் தண்டு தேய்ந்து சாய்கிறதா என்று பாருங்கள். மெத்தைக்குள் பழைய ஃபோம் இருந்தால் அது பெரும்பாலும் பொடிந்திருக்கும். அதை மாற்றியே ஆக வேண்டும்.

4. பூச்சு எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதை யாரும் சொல்வதில்லை. பழைய நல்ல மரச்சாமான்களில் பலவற்றின் பளபளப்பு அரக்கிலிருந்து செய்யும் ஷெல்லாக், அதாவது பிரெஞ்சு பாலிஷ். ஷெல்லாக்கைக் கரைக்கும் பொருளே ஆல்கஹால்தான்! மது ஊற்றி வைக்கும் அலமாரிக்கு மதுவே எதிரி. ஜின் சிந்தி இரவு முழுக்கக் கிடந்தால் காலையில் வெள்ளைத் திட்டோ பிசுபிசுப்போ நிச்சயம்.

அடியில், கண்ணில் படாத இடத்தில், விற்பவரின் அனுமதியோடு பஞ்சு முனையில் ஒரு துளி ஆல்கஹால் தொட்டு வையுங்கள். ஒரு நிமிடத்தில் ஒட்டும் தன்மை வந்தால் அது ஷெல்லாக். வேண்டாம் என்று தள்ள வேண்டியதில்லை. ஊற்றும் பரப்பின் மேல் அளவாக வெட்டிய கண்ணாடிப் பலகை ஒன்றைப் போட்டால் தீர்ந்தது. அசல் பூச்சைச் சுரண்டிவிட்டு பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வார்னிஷ் அடித்துத் தருகிறேன் என்பவருக்குக் கும்பிடு போட்டு விடுங்கள். சாமானின் பழமை மதிப்பு அந்தச் சுரண்டலோடு போய்விடும். துத்தநாகத் தகடு போர்த்திய கவுன்டரில் எலுமிச்சைச் சாறு கறை விடும், பளிங்கிலும் அதே கதை. வெள்ளை, பச்சை பெயின்ட் அடித்த பழைய சாமானில் ஈயம் இருக்கலாம்; மணற்காகிதம் போடும் முன் சோதனைக் குச்சியால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அலமாரியோடு கனமான வெட்டுக் கண்ணாடிக் குடுவை இலவசமாக வந்தால் அலங்காரத்துக்கு வையுங்கள். ஈயக் கண்ணாடியில் மதுவை நாள் கணக்கில் வைத்தால் ஈயம் அதில் இறங்கும். பரிமாறும் நேரத்துக்கு ஊற்றினால் போதும், மீதியைப் பாட்டிலுக்கே திருப்பிவிடுங்கள்.

5. கம்பளத்தின் மறுபுறம்

கம்பளத்தை மடித்து முதுகைப் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள். கையால் முடிச்சுப் போட்டதென்றால் முன்னால் உள்ள கோலம் அப்படியே பின்னாலும் தெளிவாகத் தெரியும். முடிச்சுகள் சிறு மணிகளாக, கொஞ்சம் ஒழுங்கற்று இருக்கும். பின்னால் துணி ஒட்டியிருந்தால் அது டஃப்டெட். நூலைத் துப்பாக்கி போன்ற கருவியால் செருகி, பசை தடவி, துணியால் மூடியது. ஆண்டுகள் போனால் பசை பொடியாக உதிரும், நாற்றமும் வரும். அதைப் பழங்கம்பளம் என்று யார் விற்றாலும் நம்பாதீர்கள். முதுகு முழுக்க ஒரே சீரான கோடுகளாக, ஒவ்வொரு வரியும் அளவு பிசகாமல் இருந்தால் இயந்திரத் தறி.

குஞ்சத்தைப் பாருங்கள். கைக்கம்பளத்தில் அது நீளவாக்கில் ஓடும் பாவு நூலின் நீட்சி, கம்பளத்துக்குள்ளிருந்தே வரும். தனியாகத் தைத்திருந்தால் இயந்திரச் சரக்காக இருக்கலாம், அல்லது முனை தேய்ந்துபோன அசல் கம்பளத்துக்குப் புதுக் குஞ்சம் வைத்திருக்கலாம். இரண்டில் எது என்பதைக் கம்பளத்தின் முதுகு சொல்லிவிடும். ஓரக் கரைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று பக்கம் அகலமான கரை, ஒரு பக்கம் மட்டும் குறுகல் என்றால் கிழிந்த பகுதியை வெட்டி எறிந்திருக்கிறார்கள். நடுவில் வெட்டிச் சேர்த்த கம்பளங்களும் உண்டு. முதுகில் விரலால் தடவினால் தையல் தட்டும்.

முடிச்சு எண்ணிக்கை பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். அது ஒரு கணக்கு, அவ்வளவே. ஈரானின் ஹெரிஸ் பகுதிக் கம்பளங்களில் சதுர அங்குலத்துக்கு நூறுகூடத் தேறாது. ஆனால் கம்பளி முரடாக, உறுதியாக இருக்கும். தலைமுறை தாண்டி உழைக்கும். நுட்பமான பட்டுக் கம்பளத்தில் பல நூறு முடிச்சு இருக்கும், ஆனால் ஸ்டூலை அதன் மேல் இழுக்க மனசு வருமா? 'பட்டு' என்று சொல்லி, மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ் இழையை விற்பதும் வெகு சாதாரணம். விஸ்கோஸில் தண்ணீர் பட்டால் மஞ்சள் பாரிக்கும், இழை படுத்துவிடும், திரும்ப எழுந்திருக்காது. மது பரிமாறும் இடத்துக்கு அது ஆகவே ஆகாது.

என் கருத்தைக் கேட்டால், பாருக்கு அடியில் கிலிம் போல முடியில்லாத தட்டை நெசவு போடுங்கள், அல்லது பலூச் இன மக்கள் நெய்யும், அடர்ந்த சிவப்பும் கருநீலமுமான கம்பளம். கறை தெரியாது, ஸ்டூல் கால் பள்ளம் போடாது. விலை கூடிய நல்ல கம்பளத்தை நாலடி தள்ளி, உட்கார்ந்து பேசும் இடத்தில் விரியுங்கள்.

6. சாயம், மக்கல், பூச்சி

வெள்ளைத் துணியை ஈரமாக்கி, அடர்ந்த சிவப்பின் மேலும் நீலத்தின் மேலும் நன்றாகத் தேயுங்கள். துணியில் நிறம் ஏறினால் முதல் சலவையிலேயே சாயம் ஓடி வெள்ளைப் பகுதி பாழாகும். அப்புறம் முடியைப் பிளந்து அடிவேரைப் பாருங்கள். நுனி வெளிறி அடி பளிச்சென்று இருந்தால் வெயிலில் வெளுத்ததாகவோ மருந்துச் சலவை செய்ததாகவோ இருக்கலாம். தேய்ந்த இடங்களை மார்க்கர் பேனாவாலும் சாயத்தாலும் நிரப்பியிருப்பார்கள். அதையும் அந்த ஈரத்துணியே காட்டும். ஒரே நிறத்தில் பட்டை பட்டையாக வேறுபாடு தெரிந்தால் பயப்படாதீர்கள். வேறு வேறு தடவை சாயமிட்ட நூலில் அப்படித்தான் வரும். சிலர் அதற்காகவே கூடுதல் விலை கொடுக்கிறார்கள்.

மக்கலுக்கு ஒரு சோதனை: ஓரிடத்தை இரு கையால் பிடித்து மெல்ல மடித்துக் காது கொடுங்கள். நூல் சடசடவென்று முறியும் சத்தம் கேட்டால் அடிநூல் மக்கிவிட்டது. பூந்தொட்டி வைத்திருந்த இடங்களில் இது அதிகம். மக்கிய கம்பளத்தைச் சரிசெய்யும் செலவு அதன் விலையையே தாண்டிப் போகலாம். கிழிசலும் ஓரம் பிரிந்ததும் அப்படியல்ல, சரிசெய்து விடலாம்.

அந்துப்பூச்சி வெளிச்சத்துக்கு வராது. சோபாவுக்கு அடியில் கிடந்த பகுதி எது என்று கேட்டு அங்கே தேடுங்கள். வெள்ளை நூலாம்படை போன்ற கூடு, மணல்போல எச்சம், முடி மொட்டையடித்த திட்டு. சேதத்துக்குக் காரணம் புழுதான்; பறக்கும் பூச்சி எதையும் தின்பதில்லை.

7. கையில் வாங்கவேண்டிய காகிதங்கள்

ரசீதில் என்ன பொருள், சுமார் எந்தக் காலம், எந்த மரம் அல்லது எந்த இழை, எந்தப் பகுதி, அளவு, தெரிந்த பழுதுகள், திருப்பிக் கொடுக்கும் கெடு ஆகியவை இருக்க வேண்டும். 'உண்மைச் சான்றிதழ்' என்று தங்க முத்திரையோடு ஒன்றைத் தருவார்கள். விற்பவரே தனக்குக் கொடுத்துக்கொள்ளும் நற்சான்று அது. ரசீதில் எழுதியிருப்பதுதான் வழக்கென்று வந்தால் நிற்கும். சாமானின் எல்லாப் பக்கத்தையும், முதுகையும் சேர்த்து, வாங்கும் இடத்திலேயே படமெடுத்து வையுங்கள்.

நாடு விட்டு நாடு கொண்டுவருவதென்றால் கூடுதல் கவனம் வேண்டும். 1960களின் பார் அலமாரிகளில் பல பிரேசில் ஈட்டி மரத்தாலோ அதன் வினீராலோ ஆனவை. அந்த மரம் அருகிவரும் உயிரினங்களுக்கான சைட்டீஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் 1992 முதல் இருக்கிறது. எல்லை தாண்டி விற்க அனுமதிச்சீட்டு வேண்டும். ஈட்டி இனம் முழுவதும் 2017இல் இரண்டாம் பட்டியலுக்குள் வந்தது. 2019 முதல் ஓர் அனுப்புகையில் 10 கிலோ வரையிலான செய்முடித்த பொருள்களுக்கு அதில் விலக்கு உண்டு, ஆனால் பிரேசில் மரத்துக்கு அந்த விலக்கு கிடையாது. தந்தமோ ஆமை ஓடோ பதித்த கைப்பிடிகளுக்கும் இதே கெடுபிடி. அனுமதிச்சீட்டு வாங்குவதற்கு வாரங்கள் ஆகலாம். பணம் கட்டும் முன் அதை யார் வாங்குவது என்று முடிவாகட்டும்.

கம்பளத்துக்குச் சுங்கத் தலைப்பைப் பாருங்கள். கைமுடிச்சுக்கு 5701, கிலிம் உள்ளிட்ட நெய்தவற்றுக்கு 5702, டஃப்டெட்டுக்கு 5703. கைமுடிச்சு என்று விற்றுவிட்டு இன்வாய்ஸில் 5703 போட்டிருந்தால் உண்மை எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே புரியும். எந்த நாட்டில் நெய்தது என்பதும் முக்கியம்; ஈரானியக் கம்பளங்களை அமெரிக்காவுக்குள் இறக்குமதி செய்ய 2018 முதல் தடை இருக்கிறது. பல நாடுகளில் நூறு ஆண்டு கடந்த பொருளை வெளியே அனுப்பவே தனி அனுமதி தேவை.

8. விலைச்சீட்டுக்கு அப்பால் உள்ள செலவு

ஏலத்தில் சுத்தியல் தட்டும் விலையோடு வாங்குபவர் கட்டணம் சேரும். 20 முதல் 30 சதவீதம் சாதாரணம். அதன் மேல் வரி. குறித்த நாட்களுக்குள் எடுக்காவிட்டால் நாள்வாடகை. எல்லாவற்றையும் கூட்டி, பின்னாலிருந்து கழித்து வந்து உங்கள் உச்ச விலையை ஒரு தாளில் எழுதிக்கொண்டு உட்காருங்கள். ஏலச்சூட்டில் கை தானாகத் தூக்கும்.

அப்புறம் வண்டிக்கூலி, படியேற்றும் கூலி, காப்பீடு, மெத்தை மாற்றம், மின்கம்பி, பூட்டுச்சாவி. கம்பளத்துக்குச் சலவை, ஓரம் கட்டுதல், அடிவிரிப்பு. பழுது பார்ப்பவரிடம் படங்களை முன்கூட்டியே அனுப்பி மதிப்பீடு வாங்கிவிட்டால் அதையே பேரம் பேசவும் பயன்படுத்தலாம். என் கணக்கில், கையிலிருக்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்கிவிட்டு மீதிக்குத்தான் சாமான் தேட வேண்டும். ஒரு விற்பனையாளர் 'வீட்டு வாசல் வரை இலவசம்' என்று சொல்லி, அலமாரியைத் தெருவில் இறக்கிவிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன். எந்த வாசல் என்று எழுத்தில் கேளுங்கள்.

9. எதை முதலில், எப்போது

கம்பளம் முதலில். அதன் நிறத்துக்கு ஏற்ற மரம் கிடைத்துவிடும். மரத்துக்கு ஏற்ற நிறமும் அளவும் சேர்ந்த பழங்கம்பளம் கிடைப்பது அரிது. பகல் வெளிச்சத்தில் மட்டும் பாருங்கள். கடைகளின் மஞ்சள் விளக்கில் எல்லாக் கம்பளமும் பழுத்த அழகோடு இருக்கும். இரண்டு மூன்று நாள் வீட்டில் விரித்துப் பார்க்கக் கொடுக்கும் வியாபாரிகள் உண்டு, கேட்கக் கூச்சப்படாதீர்கள். முதுகைப் படமெடுத்து அனுப்பாத எவரிடமும் இணையத்தில் வாங்காதீர்கள். ஏலமென்றால் காட்சி நாளில் நேரில் போங்கள், முடியாவிட்டால் பொருளின் பழுதுகளை விவரிக்கும் நிலை அறிக்கை கேளுங்கள். விற்றபின் 'உள்ளது உள்ளபடி' என்று கைவிரித்து விடுவார்கள்.

10. வீட்டுக்கு வந்த பிறகு

கம்பளத்தை நேராக அறைக்குள் விரிக்காதீர்கள். பூச்சிச் சந்தேகம் இருந்தால், சிறிய கம்பளமென்றால் பாலித்தீனில் காற்றுப் போகாமல் சுற்றி மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைக்கலாம். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்காமல் ஒருநாள் முழுக்க விட்டால் ஈரம் படியாது. பெரியதைச் சலவைக்காரரிடமே அனுப்புங்கள், கைக்கம்பளத்துக்குத் தண்ணீர்ச் சலவை செய்பவராகப் பார்த்து. அடியில் அழுத்திய கம்பளியும் (ஃபெல்ட்) இயற்கை ரப்பரும் சேர்ந்த விரிப்பு போடுங்கள், மலிவான பி.வி.சி. விரிப்பு தரைப் பூச்சில் ஒட்டிக்கொள்ளும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கம்பளத்தின் இரு முனைகளையும் இடம் மாற்றிப் போட்டால் தேய்மானமும் வெளுப்பும் ஒரே பக்கம் சேராது. வேக்குவத்தில் சுழலும் தூரிகையை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள், குஞ்சத்தின் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

அலமாரியை வெயில் படும் சன்னலுக்கும் ஏசி காற்றுக்கும் நேரே வைக்காதீர்கள், வினீர் தூக்கிக்கொள்ளும். ஸ்டூல் காலுக்குக் கம்பளித் தடுக்கு ஒட்டுங்கள். சிவப்பு ஒயின் கம்பளத்தில் சிந்தினால் வெள்ளைத் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். சுற்றிலிருந்து நடுவை நோக்கிக் குளிர்ந்த நீரால் கொஞ்சம் கொஞ்சமாக ஒற்றுங்கள். சூடான நீரும் கடைச் சோப்பும் கறையைக் கம்பளியில் நிலைக்க வைத்துவிடும். ஒற்றிய பிறகும் நிறம் மிஞ்சினால் அதற்கு மேல் நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம்; காயவைத்து, என்ன சிந்தியது என்று ஒரு சீட்டில் எழுதி, சலவைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.